சாவி யாரிடம் இருந்தது

வக்கீல் மேடத்தின் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. யாராவது எழுந்தால் மிச்சமிருப்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு சமாளித்து உட்கார வேண்டும். வாங்குகிற பீஸில் ஒரு நல்ல பெஞ்சு வாங்கிப் போடக் கூடாதா என்று கையெழுத்தக்கா ஒவ்வொரு முறையும் மனசுக்குள் கறுவிக்கொள்வாள். வெளியே சொல்ல மாட்டாள். அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்கிறவர்கள் யாரும் பெஞ்சைக் குறை சொல்லும் நிலைமையில் வருவதில்லை.

கையெழுத்தக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். மீனையும் பழங்களையும் உறைய வைத்துக் காக்கும் குளிர்கிடங்குக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. அவள் கையெழுத்து விழாமல் ஒரு காகிதம் நகராது. விழுவதற்கும் நேரம் ஆகாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை வைத்து, ஒரு சுழி சுழித்துத் தள்ளிவிடுவாள். "படிச்சுப் பாக்கலையாக்கா?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், "படிச்சுக்கிட்டு உக்காந்தா மீன் நாறிடும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது கம்பெனியே நாறிப் போய், முதலாளி கம்பி நீட்டிவிட்டார். சுழித்த கை மட்டும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

முதலாளி வங்கியில் பெரிய கடன் வாங்கினார். அதைச் சரக்கு வாங்கியதாகக் காட்டி, பெயரளவில் மட்டுமே இருந்த சில கம்பெனிகளுக்கு அனுப்பினார். அங்கிருந்து பணம் கடல் தாண்டியது. பின்னாலேயே அவரும் தாண்டினார். முதல் குற்றவாளி கைக்கு எட்டவில்லை என்றால் சட்டம் சும்மா இருக்குமா? எட்டுகிற கழுத்தைப் பிடித்தது. பணம் அனுப்ப அந்தக் கம்பெனியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விவரத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஏற்றியது முதலாளியே. ஒப்புதல் கையெழுத்தக்காவின் பெயரில் போயிருந்தது. ஆகவே அவள் இரண்டாவது குற்றவாளி. மோசடி, கூட்டுச் சதி, பணக் கடத்தல் எல்லாம் அவள் தலையிலும் விழுந்தன.

உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த கணவர் முதலில் எழுந்தார்; பெஞ்சு சாய்ந்தது. அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடை போய்விட்டது, பெயர் நிற்கிறது. வழக்குப் பதிவான அன்றே அவளுடைய வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். வாழ்நாள் சேமிப்பெல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது, தொட முடியாது. பால் வாங்கக் கூட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், மனுப் போட வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். ஜாமீனுக்கும் முதல் தவணைக்கும் கடை போயிற்று. "குற்றம் செஞ்சிருந்தா இந்நேரம் செலவுக்குக் காசாவது இருந்திருக்கும்" என்று அவர் ஒரு தடவை சொன்னார். அப்போது இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்த நகைச்சுவையை அவர் திரும்பச் சொல்லவில்லை.

இப்போது பீஸ் கட்டுவது அவளுடைய தங்கை. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றை ஒண்டியாக நடத்துகிறவள். பட்டறையை அடமானம் வைத்துத் தவணைக்குத் தவணை துணிப்பையில் பணம் கொண்டுவந்து கொடுத்தாள். "எனக்கு நீதான்க்கா. உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?" என்பாள். கையெழுத்தக்கா அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நன்றியால் மட்டுமல்ல.

வக்கீல் மேடம் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் ஒரு பதிலைப் பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. வழக்கு எத்தனை காலம் இழுக்கும்? "சொல்ல முடியாது." ஜெயிப்போமா? "சொல்ல முடியாது." இன்னும் எவ்வளவு ஆகும்? "அதையும் இப்ப சொல்ல முடியாது. இந்தத் தவணைக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லிடலாம்."

அன்று அவர் பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு கட்டுக்கட்டான காகிதத்தைப் புரட்டினார். அவர் கண்ணாடி மூக்கில் கோணலாக நின்றதைக் கண்ணாடிக்காரர் கை பரபரக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸே மூணு பெரிய தொகை மேலதான் நிக்குது. மத்ததெல்லாம் சில்லறை" என்றார் மேடம். "இந்த மூணும் என்னிக்குப் போயிருக்குன்னு பாத்தேன். மூணும் வியாழக்கிழமை, மத்தியானத்துக்கு மேல. அதுல ஏதாவது விசேஷம் உண்டா?"

கையெழுத்தக்கா குனிந்து புடவை மடிப்பைச் சரி செய்தாள். கண்ணாடிக்காரர்தான் துள்ளி எழுந்தார்.

"வியாழக்கிழமையா? வியாழக்கிழமை மத்தியானம் இவ ஆபீஸ்லயே இருக்க மாட்டாளே மேடம்! தோள்பட்டை இறுகிப்போச்சு இவளுக்கு. பயிற்சி குடுக்கற இடத்துக்கு வாராவாரம் நான்தான் கூட்டிட்டுப் போவேன். அங்க வருகைப் பதிவு எல்லாம் இருக்கும். ஏம்மா, நீ ஏன் இதைச் சொல்லவே இல்ல?"

மேடம் பெப்பர்மின்டைக் கடித்துவிட்டார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். "இது போதும். இதை வச்சே அடிக்கலாம். நீங்க இல்லாதப்ப உங்க பேர்ல ஒப்புதல் போயிருக்கு. அப்படின்னா ஒப்புதல் போடற அந்தக் கருவி வேற ஒருத்தர் கையில இருந்திருக்கு. யார் கையில?"

கையெழுத்தக்கா மடியிலிருந்த கைப்பையை இழுத்து மூடினாள்.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தீப்பெட்டியில் பாதி இருக்கும். பொத்தானை அமுக்கினால் சில எண்கள் தோன்றும். அவற்றைக் கணினியில் தட்டினால் பணம் போய்விடும். ஆபீஸில் அதற்குச் சாவி என்று பெயர். உரியவரைத் தவிர மற்றவர் தொடவே கூடாது என்பது வங்கியின் விதி. ஆபீஸின் பழக்கம் வேறு. அவள் வெளியே போகிற நாளில் சாவியைப் பக்கத்து மேஜையில் கொடுத்துவிட்டுப் போவாள், கடவுச்சொல்லோடு சேர்த்து. சாப்பாட்டுக் கூடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவது போல. யாருடைய சம்பளமும் அவளால் நின்றுவிடக் கூடாது. அதில் அவளுக்கு ஒரு பெருமை. ஒருமுறை வங்கியிலிருந்து வந்த அதிகாரியே அதைப் பார்த்துவிட்டு, "எல்லா ஆபீஸ்லயும் இதே கதைதான்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பக்கத்து மேஜையில் இருந்தவள் குட்டி. தங்கையின் ஒரே மகள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கையெழுத்தக்காதான். முதல் வியாழக்கிழமை சாவியைக் கையில் வைத்தபோது, "முதலாளி ரூம்ல இருந்து ஏதாவது வந்தா என்ன செய்யறது பெரியம்மா?" என்று குட்டி கேட்டாள். "கேள்வி கேக்காம அமுக்கு. நின்னுச்சுன்னா என் தலைதான் உருளும்" என்றாள் இவள். குட்டி சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அமுக்கினாள்.

சோதனை போட அதிகாரிகள் வந்து போன பிறகு குட்டி வேலையை விட்டாள். வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்துப் போனாள். பெரியம்மாவுக்கு ஒரு போன் கூடப் போடவில்லை. பயந்திருப்பாள், சின்னப் பெண்தானே என்று கையெழுத்தக்கா தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் மூச்சு விடவில்லை. கணவரிடம் கூட. மகளைப் பற்றித் தெரிந்தால் தங்கை இடிந்து போவாள். பட்டறையை அடகு வைத்து அவள் கொடுக்கிற பணமே அவள் மகளுக்கு வினையாக முடியக் கூடாது.

"யார் கையில?" மேடம் மறுபடி கேட்டார்.

"மேஜை இழுப்பறையில போட்டுட்டுப் போவேன்."

"பூட்டாமலா?"

"ஆமா."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இத பாருங்க. என்கிட்ட நீங்க எதை வேணா சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆனா கோர்ட்ல 'யாரோ எடுத்தாங்க' அப்படிங்கறதை எல்லாக் குற்றவாளியும்தான் சொல்றான். ஆளைக் காட்டினா உங்களை இந்தக் கேஸ்ல இருந்தே விடுவிக்கச் சொல்லி மனுப் போடலாம். ரெண்டு மனு தயார் பண்ணி வைக்கறேன். ஒண்ணுல பேருக்கு இடம் விட்டிருப்பேன், இன்னொண்ணு பேர் இல்லாம. திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வரும்போது எதுல கையெழுத்துப் போடறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அதுக்கு மேல தள்ளிப் போட முடியாது."

"பேரைச் சொன்னா கண்டிப்பா விட்டுடுவாங்களா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"சொல்ல முடியாது. சொல்லலைன்னா கஷ்டம்னு மட்டும் சொல்ல முடியும்."

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து, கேட்காமலேயே மேடத்தின் கண்ணாடியை எடுத்து, கோணலைச் சரி செய்து திரும்ப வைத்தார். கடையிலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தத் திருப்புளி ஒன்றுதான்.

தெருவில் இறங்கிக் கண்ணாடிக்காரர் முன்னால் நடந்தார். பேருந்து நிறுத்தம் வந்தது; ஒரு பேருந்து வந்து, நின்று, போனது. அவர் ஏறவில்லை.

"இழுப்பறைய நீ பூட்டாம போனதே கிடையாது" என்றார் மெதுவாக. "வீட்ல சர்க்கரை டப்பாவைக் கூட பூட்டற ஆளு நீ. பக்கத்து மேஜையில யார் இருந்தா?"

அவள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குட்டியா?"

அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் முகம் செத்துப் போயிற்று.

"என் கடைய வித்தேன்" என்றார். "வாடகைக் கடைதான், இருந்தாலும் என் கடை. உன்ன வெளிய எடுக்கணும்னு வித்தேன். நீ வெளிய வர்ற வழிய வாய்க்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு என் கூடவே பெஞ்சுல உக்காந்திருக்க. என்ன மனுஷன்னு நெனச்ச நீ என்னை?"

"அவ தெரிஞ்சு செய்யலைங்க."

"நீ மட்டும் தெரிஞ்சா செஞ்ச? எனக்கும் குட்டிய புடிக்கும். தோள்ல தூக்கிக்கிட்டு திரிஞ்சிருக்கேன். ஆனா நீ உள்ள போனா யாரு எனக்கு? பேரைப் போடு. நான் சுத்தி வளைச்சுப் பேசல. பேரைப் போடு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

மறுநாள் காலை அவள் நேராகத் தங்கையின் பட்டறைக்குப் போனாள். ஒரே முடிவோடு போனாள். பேரைச் சொல்வதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் தங்கையின் பணத்தை நிறுத்த வேண்டும். யாருக்கு எதிராகக் கட்டுகிறோம் என்று தெரியாமல் ஒருத்தி பட்டறையை அழித்துக்கொண்டிருக்கும்போது அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை.

பட்டறையில் தையல் மெஷின்கள் போட்டி போட்டு ஓடிக்கொண்டிருந்தன. நீல நிறத் துணி மலையாகக் குவிந்திருந்தது. தங்கை பெரிய மேஜை முன்னால் நின்று, துணி அடுக்கின் மேல் சுண்ணக்கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்தாள்.

"நானே வரணும்னு இருந்தேன்க்கா. இந்தத் தவணைக்கு முழுசா சேந்துடுச்சு."

"இனிமே பணம் கொண்டு வராதடி."

"ஏன், வக்கீலம்மா பத்தலைன்னு சொன்னாங்களா?"

"அதில்ல. நீ யாருக்கு எதிரா பணம் கட்டறன்னு உனக்குத் தெரியாது."

தங்கை அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி, தைத்துக்கொண்டிருந்த பெண்களிடம், "எல்லாரும் போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசிப் பெண் வெளியே போய்க் கதவைச் சாத்தும் வரை தங்கை கையிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு தெரியும். அதிகாரிங்க வந்த அன்னிக்கே அவ அழுதுக்கிட்டு வந்து சொல்லிட்டா."

கையெழுத்தக்கா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

அப்படியென்றால் ஜாமீன் கிடைத்த அன்று கட்டிப் பிடித்து அழுதது, வாராவாரம் வீட்டுக்கு வந்து துணி துவைத்துப் போட்டது, எனக்கு நீதான்க்கா என்று சொன்னது, எல்லாமே தெரிந்துகொண்டுதான். கையெழுத்தக்கா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் கசந்தது.

"அப்ப இந்தப் பணம் எதுக்குடி?"

"எனக்கு வேற என்னக்கா செய்யத் தெரியும்? நீ ஜெயிச்சுட்டா அப்புறம் யாரும் யாரையும் தேட மாட்டாங்க. நீ தோத்துட்டாலும்..." தங்கை நிறுத்திக்கொண்டாள்.

"தோத்துட்டாலும் வாயத் திறக்க மாட்டேன்னு முன்பணம் குடுத்திருக்க."

"அப்படிச் சொல்லாதக்கா."

"வேற எப்படிச் சொல்றது? நீயே சொல்லு. அவ ஏன் எனக்கு ஒரு போன் போடல?"

"நான்தான் போடக் கூடாதுன்னு சொன்னேன். வேற ஒரு வக்கீல்கிட்ட கேட்டேன். பேசினா அதுவே சாட்சியாயிடும்னு சொன்னாரு."

"வேற வக்கீலா? அவருக்கும் பணம் குடுத்தியா?"

"குடுத்தேன்."

கையெழுத்தக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே பட்டறை இரண்டு வக்கீல்களுக்குச் சோறு போடுகிறது; ஒருவர் அவளைக் காப்பாற்ற, இன்னொருவர் அவளிடமிருந்து காப்பாற்ற. சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது. கோபம் தலைக்கேறிற்று.

"உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு நான் பொத்திப் பொத்தி வச்சேன்டி. கட்டினவர்கிட்ட கூட சொல்லல. நேத்து நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேட்டாரு, பதில் சொல்ல முடியாம நின்னேன். நீ காசு குடுக்கலைன்னாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். சும்மாவே சொல்லியிருக்க மாட்டேன்."

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் தங்கை.

கூடப் பிறந்து, ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரி வளர்ந்த பிறகும் அது எப்படித் தெரியும் என்கிறாள். கையெழுத்தக்கா எழுந்தாள். தங்கை பையை நீட்டினாள். இவள் தள்ளினாள். அவள் மறுபடி நீட்டினாள். பை இரண்டு பேர் கைக்கும் நடுவில் போய் வந்தது.

"எடுத்துக்கிட்டுப் போக்கா. தயவு செஞ்சு எடுத்துக்க."

"வேண்டாம். உன் காசுல இனிமே எனக்கு வக்கீல் வேண்டாம்."

தங்கையின் முகம் வெளுத்தது. "அப்ப... சொல்லிடுவியா? இப்பதான்க்கா அவ நிமிந்து நிக்கறா. ஒரு விசாரணைன்னு வந்தா அந்த வேலை போயிடும். வாழ்க்கையே போயிடும்."

"என் வாழ்க்கை போயிட்டிருக்கே, அது உன் கண்ணுல படலையா?"

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி அவளுக்கு வழி விட்டார்கள்.

திங்கட்கிழமை நீதிமன்றத் தாழ்வாரத்தில் நிற்க இடமில்லை. கறுப்பு அங்கிகள், கட்டுகள், காத்திருக்கும் குடும்பங்கள். யாரோ ஒரு குழந்தைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்து ஒரு பெயர் கூப்பிடப்படும்போதும் கையெழுத்தக்கா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து மறுபடி சுவரில் சாய்ந்தாள். தாழ்வாரத்தின் மறு கோடியில், தூண் ஓரமாக, தங்கை நின்றிருந்தாள். கையில் அதே பை. கிட்டே வரவில்லை.

வக்கீல் மேடத்தின் குமாஸ்தா இரண்டு மனுக்களைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டின் மேல் வைத்தார். பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"இதுல பேரு எழுதிக்கலாம். இதுல பேரு இல்ல. சீக்கிரம் போடுங்க, அடுத்தது நம்ம கேஸ்தான்."

கையெழுத்தக்கா பேனாவை வாங்கவில்லை. கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடிக்காரர் தன் பையிலிருந்து அதை எடுத்து, சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் அவரே செய்து கொடுத்த படிக்கிற கண்ணாடி. ஆபீஸில் ஒரு நாளும் அவள் அதைப் போட்டதில்லை. படித்தால்தானே தேவைப்படும்.

முதல் பக்கத்திலிருந்து படித்தாள். விரலை வரி மேல் வைத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி. குமாஸ்தா நெளிந்தார். "நீங்க எப்பவும் கடைசிப் பக்கத்துல போட்டுட்டுப் போயிடுவீங்களேம்மா. வக்காலத்துக்குக் கூட ஒரு வரி பாக்கல."

"அதனாலதான் இங்க நிக்கறேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

பெயர் எழுத இடம் விட்டிருந்த மனுவை முழுக்கப் படித்து, மடித்து, குமாஸ்தாவிடமே திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் மூச்சை இழுத்துவிட்டார். அடுத்த மனுவைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். அதற்குள் வக்கீல் மேடமும் அவசரமாக வந்து சேர்ந்தார்.

"மேடம், இது பொய்" என்றாள் கையெழுத்தக்கா. "சாவி இழுப்பறையில இருந்துச்சு, யாரு எடுத்தாங்கன்னு தெரியாதுன்னு எழுதியிருக்கு."

"நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான். பொய்தான் சொன்னேன். இதை அடிச்சுட்டு வேற எழுதுங்க. சாவியக் குடுத்தது நான். விதிய மீறிக் குடுத்தேன். முதலாளி ரூம்ல இருந்து வந்தா கேள்வி கேக்காம அமுக்குன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். யார்கிட்ட குடுத்தேன்னு சொல்ல மாட்டேன். அப்படியே எழுதுங்க."

மேடம் அவளை வினோதமாகப் பார்த்தார். "அப்படி எழுதினா பாதி குற்றத்தை நீங்களே ஒத்துக்கற மாதிரி ஆயிடும். ஜட்ஜ் எடுத்த எடுப்புல அந்தப் பேரைத்தான் கேப்பாரு."

"கேக்கட்டும்."

"சொல்லலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு..."

"சொல்ல முடியாது. தெரியும் மேடம்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னொண்ணு. இந்தத் தவணைக்குப் பணம் கொண்டு வரல. இனிமேயும் எப்ப வரும்னு தெரியாது."

மேடம் அங்கிப் பையில் பெப்பர்மின்டைத் தேடினார். கிடைக்கவில்லை. குமாஸ்தாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அந்த வரிகளை அடித்து, ஓரத்தில் மளமளவென்று எழுதினார். "இன்னிக்கு நிக்கறேன்" என்றார் எழுதிக்கொண்டே. "அடுத்த தேதிக்குச் சொல்ல முடியாது."

கையெழுத்தக்கா ஓரத்தில் எழுதியதையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு போட்டாள். பழைய சுழி இல்லை. தன் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள்.

உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. நீதிபதி மனுவைப் புரட்டினார். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். அடுத்த தேதி கொடுத்து, அன்றைக்கு அவளே நேரில் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி, அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். இத்தனை பயமும் அவ்வளவு நேரத்தில் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிற்று.

வெளியே வந்ததும் தங்கை தூணை விட்டு ஓடி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவளும் தூங்கி நாளாகியிருக்கும்.

"எதுல போட்டக்கா? பேரைச் சொல்லிட்டியா? என்ன ஆச்சு?"

கையெழுத்தக்கா அவளைப் பார்த்தாள். இத்தனை காலம் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த நொடி என்ன என்று தெரியாமல் தான் வெந்தது முழுவதும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"சொல்ல முடியாது" என்றாள்.

சொல்லிவிட்டு நடந்தாள். கண்ணாடிக்காரர் பின்னால் வந்தார். தாழ்வாரம் முடிந்து படிக்கட்டு வந்தது. ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள். தங்கை நின்ற இடத்திலேயே, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, போகிறவர்கள் இடித்துக்கொண்டு போவதும் தெரியாமல் நிற்பது திரும்பாமலேயே அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் கூட்டத்தில் தொலைந்து போனால் அவள் அப்படித்தான் நிற்பாள். தேடிக்கொண்டு போய்க் கையைப் பிடிக்கும் வரை அழக்கூட மாட்டாள்.

கையெழுத்தக்கா அந்தப் படியிலேயே நின்றாள். கோபம் அப்படியேதான் இருந்தது. ஒரு துளி குறையவில்லை.

"ஏய்" என்று மேலே பார்த்துக் கத்தினாள். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. "குட்டிய ராத்திரி நல்லாத் தூங்கச் சொல்லு."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் மனைவியின் கையிலிருந்த கேஸ் கட்டை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "படி உயரமா இருக்கு, பாத்து இறங்கு" என்றார்.